நோயாளியின் வாழ்க்கையைப் பாடமாகப் படிக்க முடியுமா?

மருத்துவம் மூன்றாம் ஆண்டு படிக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார்: நோயாளியின் பண்பாடு, அடையாளம், வாழ்க்கை அனுபவம் பற்றியெல்லாம் எங்களுக்குத் தனி வகுப்பு வைக்கிறார்கள், எந்தச் சமூகத்தினர் எதை நம்புவார்கள் என்று ஸ்லைடு ஸ்லைடாக ஓட்டுகிறார்கள், இதனால் சிகிச்சையில் என்ன மாறப்போகிறது, நல்ல மனுஷனாக இருந்தால் போதாதா, ஒரு நோயாளிக்கு ஐந்து நிமிடம்கூடக் கிடைக்காத ஓபியில் இதையெல்லாம் எப்போது கேட்பது? கேள்வியில் கொஞ்சம் எரிச்சல் தெரிகிறது. நியாயமான எரிச்சல்தான். பிரித்துப் பார்த்தால் அதற்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. நோயாளியின் வாழ்க்கை தெரிந்தால் சிகிச்சை மாறுமா, அதைத் தெரிந்துகொள்ளும் விதத்தைக் கற்றுக்கொடுக்க முடியுமா, அதற்கு நேரம் எங்கே இருக்கிறது. முதலாவதற்கு உறுதியாகப் பதில் சொல்ல முடியும். இரண்டாவதில் உறுதியும் சந்தேகமும் கலந்தே கிடக்கின்றன. மூன்றாவதில் நிலைமை நீங்கள் நினைப்பதைவிட நன்றாகவே இருக்கிறது.

நான் பெரியவர்களுக்குப் பொது மருத்துவம் பார்ப்பவன். வார்டில் மாணவர்களுக்கு ஹிஸ்டரி எடுக்க, அதாவது நோயாளியிடம் கேட்டு நோயின் விவரத்தைச் சேகரிக்க, கற்றுக்கொடுப்பதும் பல வருடங்களாக என் வேலையில் ஒரு பகுதி. அந்த எல்லைக்குள் நின்றுதான் பேசுகிறேன். குழந்தை மருத்துவத்தில் நோயாளி ஒருவர், பேசுபவர் இன்னொருவர். மனநல மருத்துவத்தில் நோயாளியின் பேச்சே சில நேரம் நோயின் அறிகுறியாக இருக்கும். அங்கெல்லாம் நான் சொல்வதை அப்படியே பொருத்திவிட முடியாது.

நல்ல மனுஷனாக இருந்தால் போதாதா என்பதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். போதாது. பெரும்பாலான நேரம் நம்மிடம் குறைவது தகவல். மனதில் ஈரம் நிறைய உள்ள மருத்துவரிடமும் நோயாளி முக்கியமான ஒன்றைச் சொல்லாமலே எழுந்து போய்விடுவார், ஏனென்றால் அவரிடம் யாரும் அதைக் கேட்கவில்லை. சர்க்கரை கட்டுக்குள் வராத ஒருவருக்கு இன்சுலின் ஆரம்பிக்க வேண்டும் என்கிறோம். தலையாட்டுகிறார், மருந்தையும் வாங்கிக்கொள்கிறார், ஆனால் போட்டுக்கொள்வதில்லை. அடுத்த முறை ஹெச்பிஏ1சி, அதாவது மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் அளவு, அப்படியே நிற்கிறது. 'ஒத்துழைக்கவில்லை' என்று கேஸ் ஷீட்டில் எழுதிவிட்டு, போடாத மருந்தின் டோஸை ஏற்றுகிறோம். பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகக் கேட்டால் அடிக்கடி வரும் பதில் ஒன்று உண்டு: "எங்க அப்பாவுக்கும் இன்சுலின் போட்டாங்க. அப்புறம் ஆறே மாசத்துல காலை எடுத்துட்டாங்க." அவர் கண்ணால் பார்த்த வரிசை அதுதான். முதலில் ஊசி வந்தது, பிறகு கால் போனது. அதிலிருந்து அவர் எடுத்த முடிவில் முட்டாள்தனம் எதுவும் இல்லை. பல வருடம் கட்டுப்படாமல் இருந்த சர்க்கரைதான் ரத்தக்குழாயையும் நரம்பையும் கெடுத்தது, இன்சுலின் வந்ததே தாமதமாக என்ற பாதியை அவருக்கு யாரும் சொன்னதில்லை. இந்தத் தகவல் கைக்கு வந்துவிட்டால் நம் பேச்சு மாறிவிடும். டோஸை விட்டுவிட்டு அவருடைய அப்பாவின் காலைப் பற்றிப் பேச ஆரம்பிப்போம்.

காசநோய்க்கு ரிஃபாம்பிசின் எடுப்பவர் சிறுநீர் செம்மஞ்சளாகப் போவதைப் பார்த்து ரத்தம் என்று பயந்து நிறுத்திவிடுவார். பிரஷர் மாத்திரையைத் தலைவலி வந்த நாளில் மட்டும் போடுகிறவர்கள் நிறையப் பேர். நாலு பேர் முன்னால் இன்ஹேலரை எடுக்கக் கூச்சப்பட்டு, மூச்சிரைப்போடே வேலை பார்க்கிறவர்களும் உண்டு. இதையெல்லாம் எந்த ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் காட்டாது. நோயாளியின் வாயிலிருந்து வந்தால்தான் உண்டு. அதனால்தான் இதை மருத்துவப் பண்பு என்ற தலைப்பில் தள்ளிவைப்பதை நான் விரும்புவதில்லை. இது ஹிஸ்டரி. காய்ச்சல் எத்தனை நாளாக என்று கேட்பது எந்த வகையோ, அதே வகை.

இதை முறையாக எழுதிவைத்தவர்களில் முக்கியமானவர் ஆர்தர் கிளைன்மன். மனநல மருத்துவர், மானுடவியலாளர். தைவானில் கள ஆய்வு செய்தவர். லியோன் ஐசன்பெர்க், பைரன் குட் ஆகியோருடன் சேர்ந்து 1978-ல் அவர் எழுதிய கட்டுரையின் சாரம் இதுதான்: மருத்துவரிடம் நோய் பற்றி ஒரு விளக்கம் இருப்பது போல நோயாளியிடமும் ஒன்று ஏற்கனவே இருக்கிறது, இரண்டும் ஒன்றையொன்று சந்திக்காவிட்டால் சிகிச்சை வழியிலேயே நின்றுபோகும். அந்த விளக்கத்தை வெளியே கொண்டுவர அவர்கள் கொடுத்த கேள்விகள் மருத்துவக் கல்வியில் பிரபலம். எதனால் வந்தது என்று நினைக்கிறீர்கள், ஏன் அந்தச் சமயத்தில் தொடங்கியது, உடம்புக்குள் அது என்ன செய்கிறது, எவ்வளவு கடுமையானது, என்ன மாதிரி சிகிச்சை வேண்டும், அதனால் என்ன கிடைக்க வேண்டும், வாழ்க்கையில் எதையெல்லாம் கெடுத்திருக்கிறது, எதற்கு அதிகம் பயப்படுகிறீர்கள். எல்லாவற்றையும் எல்லோரிடமும் கேட்க வேண்டியதில்லை. கடைசிக் கேள்வி ஒன்றையே கேட்டாலும் பலன் இருப்பதை நான் வார்டில் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். 2013-ல் வந்த டிஎஸ்எம்-5 மனநோய்க் கையேடு இதே பாதையில் 16 கேள்விகள் கொண்ட ஒரு நேர்காணலையே சேர்த்துக்கொண்டது.

இனி உங்கள் ஸ்லைடுகள். அந்த எரிச்சலில் நான் உங்கள் பக்கம். இந்தச் சமூகத்தினர் இப்படி, அந்த மதத்தினர் அப்படி என்று மனப்பாடம் செய்ய வைப்பது பயனற்றது என்பதோடு நிற்பதில்லை, சில நேரம் ஆபத்தாகவும் முடிகிறது. மெலனி டெர்வலோன், ஜான் மர்ரே-கார்சியா என்ற இரண்டு அமெரிக்க மருத்துவர்கள் 1998-ல் எழுதிய கட்டுரையில் ஒரு சம்பவம் வருகிறது. அறுவை சிகிச்சை முடிந்து சில மணி நேரமே ஆன லத்தீன் அமெரிக்கப் பெண் ஒருவர் படுக்கையில் முனகிக்கொண்டிருக்கிறார். அவரைப் பார்க்க வந்த, அதே பின்புலம் உள்ள ஒரு மருத்துவர், இவருக்கு வலி அதிகமாக இருக்கிறது போலிருக்கிறதே என்று நர்ஸிடம் சொல்கிறார். நர்ஸ் அதை ஏற்கவில்லை. நர்ஸிங் படிப்பில் பண்பாடு பற்றிய வகுப்பில் படித்திருக்கிறேன், இவர்கள் வலியை அதிகப்படுத்திக் காட்டுவார்கள் என்கிறார். நோயாளி எதிரே முனகுகிறார், அதே சமூகத்து மருத்துவரே சொல்கிறார், இரண்டையும் வகுப்பு அடைத்துவிட்டது. வகுப்புக்கே போகாதவராக இருந்திருந்தால் ஒருவேளை வலி மருந்து கொடுத்திருப்பார். பண்பாட்டுத் திறமை என்று அப்போது பேசப்பட்டதற்கு மாற்றாக அந்த இருவரும் பண்பாட்டுப் பணிவு என்ற கருத்தை முன்வைத்தார்கள். எனக்கு உன்னைப் பற்றித் தெரியும் என்ற இடத்திலிருந்து இறங்கி, நீதான் எனக்குச் சொல்ல வேண்டும் என்ற இடத்தில் நிற்பது. அதை வாழ்நாள் முழுக்கத் தொடர்வது.

பட்டியலே வேண்டாம் என்றும் சொல்ல மாட்டேன். நோன்பிருக்கும் சர்க்கரை நோயாளிக்கு மாத்திரையின் நேரத்தையும் அளவையும் மாற்ற வேண்டிவரும். ரத்தம் ஏற்றிக்கொள்ள மறுக்கும் மதநம்பிக்கை உண்டு. பல கேப்ஸ்யூல்களின் ஓடு விலங்கு ஜெலட்டினால் ஆனது. ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெபாரின் மருந்தைப் பன்றிக் குடலிலிருந்து எடுக்கிறார்கள். இவை தெரிந்திருந்தால், இவரிடம் இதைக் கேட்க வேண்டுமே என்று சரியான நேரத்தில் தோன்றும். கேள்வியை ஞாபகப்படுத்துவதோடு பட்டியலின் வேலை முடிந்தது. அதே மதத்தைச் சேர்ந்த இரண்டு பேரில் ஒருவர் கேப்ஸ்யூலைக் கையால் தொடமாட்டார், இன்னொருவர் மருந்துதானே என்று விழுங்கிவிடுவார்.

பண்பாட்டைப் பற்றி அதிகம் யோசித்தும் கோட்டை விடலாம். கிளைன்மனும் பீட்டர் பென்சனும் 2006-ல் எழுதிய கட்டுரையில் ஒரு மெக்சிகோக்காரர் வருகிறார். அவருக்கும் நான்கு வயது மகனுக்கும் எச்ஐவி தொற்று. மனைவி எய்ட்ஸால் இறந்து ஒரு வருடம் ஆகிறது. மகனை ஒழுங்காகச் சிகிச்சைக்கு அழைத்து வருவதில்லை. நோயைப் பற்றி அவருடைய பண்பாட்டில் ஏதோ வேறு நம்பிக்கை இருக்கிறது என்று முடிவுகட்டிய மருத்துவர்கள் ஒரு மானுடவியலாளரைக் கூப்பிட்டார்கள். அவர் போய்ப் பேசிப் பார்த்தால், எச்ஐவி பற்றியும் சிகிச்சை பற்றியும் அந்த அப்பாவுக்கு ஏறக்குறைய எல்லாமே தெரிந்திருந்தது. குறைந்த சம்பளத்துக்குப் பேருந்து ஓட்டுபவர், அடிக்கடி இரவு ஷிஃப்ட். மருத்துவர்கள் சொன்ன நாட்களில் பையனைக் கூட்டி வர நேரம் இல்லை. அவ்வளவுதான் விஷயம். எட்டுக் கேள்வி புகழ் கிளைன்மனே பின்னாளில் இந்த உதாரணத்தைச் சொல்லி எச்சரித்தார் என்பது எனக்கு அவர்மேல் மதிப்பைக் கூட்டியது. அமெரிக்காவில் ஜோனதன் மெட்சல், ஹெலெனா ஹான்சன் இருவரும் 2014-ல் இதையே விரித்து, வேலை, வீடு, போக்குவரத்து, சட்டம் என்று நோயாளியைச் சுற்றியிருக்கும் அமைப்பைப் படிக்கவும் மருத்துவ மாணவருக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்றார்கள். என் பழக்கம் என்னவென்றால், வராதவரிடமும் மருந்தை நிறுத்தியவரிடமும் முதலில் வேலை நேரத்தையும், கூட வர ஆள் இருக்கிறதா என்பதையும், கையில் பணம் இருந்ததா என்பதையும் கேட்பேன். நம்பிக்கை பற்றிய கேள்வி அதற்கப்புறம்தான். பாதி நேரம் அது தேவைப்படுவதே இல்லை.

அடையாளம் என்பது இதைவிடச் சிக்கலானது, ஏனென்றால் அதைப் பார்க்காமல் விட்டாலும் தவறாகும், அதை மட்டுமே பார்த்தாலும் தவறாகும். மனநோய்க்கு மருந்து எடுப்பவர் வயிற்றுவலி என்று வந்தால் வலியே மனதில் இருக்கிறது என்று அனுப்பிவிடுவார்கள். அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர் திடீரென்று கையைக் கடித்துக்கொண்டால், இவர்கள் இப்படித்தான் என்பார்கள்; பல்வலியாக இருக்கும். மாறிய பாலினத்தில் வாழும் ஒருவர் இருமலோடு வந்தாலும் பேச்சு ஹார்மோன் மாத்திரையில் போய் நிற்கும். ஒரு அடையாளம் மற்ற நோய்களின் மேல் நிழலாக விழுவதை ஸ்டீவன் ரீஸும் அவருடைய சகாக்களும் 1982-லேயே அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்களை வைத்து ஆராய்ந்தார்கள். மறுபக்கம், அடையாளத்தைக் கண்டுகொள்ளாமல் விடுவது. அமெரிக்கா, கனடா மருத்துவக் கல்லூரிகளை வைத்து 2011-ல் வெளியான ஓர் ஆய்வில், பால் ஈர்ப்பிலும் பாலின அடையாளத்திலும் சிறுபான்மையாக இருப்பவர்களின் உடல்நலத்துக்கு முழுப் படிப்பிலும் ஒதுக்கிய நேரம், கல்லூரிகளை வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் அளவு, 5 மணி நேரம். பல வருடப் படிப்பில் ஐந்து மணி.

மாற்றுத்திறனாளிகள் விஷயத்தில் நமக்கும் நோயாளிக்கும் உள்ள தூரம் அளந்தே காட்டப்பட்டிருக்கிறது. லிசா ஐசோனியும் மற்றவர்களும் 2021-ல் வெளியிட்ட ஆய்வில் அமெரிக்க மருத்துவர்கள் 714 பேரிடம் கேட்டார்கள். கடுமையான உடல் குறைபாடு உள்ளவர்களின் வாழ்க்கைத் தரம் மற்றவர்களைவிடக் குறைவானது என்று சொன்னவர்கள் 82 சதவீதத்துக்கும் மேல். ஆனால் அப்படி வாழ்கிறவர்களிடமே கேட்டால்? ஆல்பிரெக்ட், டெவ்லிகர் இருவரும் 1999-ல் வெளியிட்ட ஆய்வில், கடுமையான, நீடித்த குறைபாடு உள்ளவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் தங்கள் வாழ்க்கை நன்றாக அல்லது மிக நன்றாக இருப்பதாகச் சொன்னார்கள். இரண்டும் வெவ்வேறு காலத்து, வெவ்வேறு முறையில் எடுத்த ஆய்வுகள். எண்ணுக்கு எண் ஒப்பிடக் கூடாது. ஆனாலும் வென்டிலேட்டர் வைப்பதா வேண்டாமா, புற்றுநோய்க்கு முழு சிகிச்சை கொடுப்பதா என்று தீர்மானிக்கும் நேரத்தில் மருத்துவரின் மனதில் 'இவர் வாழ்வதே கஷ்டம்' என்ற எண்ணம் ஓடினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். உங்கள் வகுப்பில் ஸ்லைடுகளுக்குப் பதிலாக அப்படி வாழும் ஒருவரை அழைத்து ஒரு மணி நேரம் பேசச் சொன்னால் நான் முதல் வரிசையில் உட்காருவேன்.

பண்பாடு என்று பேசும்போது எப்போதும் நோயாளியின் பக்கமே விரல் நீட்டுகிறோம். நமக்கும் ஒன்று இருக்கிறது, அதிலும் மூடநம்பிக்கைகள் உண்டு. வெர்ஜினியா பல்கலைக்கழகத்தில் 2016-ல் வெளியான ஆய்வில், வெள்ளையின மருத்துவ மாணவர்கள், பயிற்சி மருத்துவர்கள் 222 பேரில் பாதிப் பேர், கறுப்பினத்தவரின் தோல் தடிமனானது என்பது போன்ற பொய்களில் ஒன்றையாவது உண்மையாக இருக்கலாம் என்று நினைத்தார்கள். அப்படி நினைத்தவர்கள் கறுப்பின நோயாளியின் வலியைக் குறைத்து மதிப்பிட்டார்கள், வலிக்குச் சொன்ன சிகிச்சையும் அவ்வளவு சரியாக இல்லை. சிறுநீரகம் வடிகட்டும் திறனைக் கணக்கிடும் சூத்திரத்தில் கறுப்பினத்தவருக்கு ஒரு பெருக்கல் எண் பல வருடம் இருந்தது. விடை செயற்கையாகக் கூடியது. 2021-ல்தான் அதை எடுத்தார்கள். விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்ஸிமீட்டர் 92 முதல் 96 சதவீதம் வரை காட்டும்போதே தமனி ரத்தத்தில் ஆக்சிஜன் 88-க்குக் கீழே இருப்பது, வெள்ளையினத்தவரில் 3.6 சதவீத அளவீடுகளிலும் கறுப்பினத்தவரில் 11.7 சதவீத அளவீடுகளிலும் நடந்ததாக 2020-ல் வந்த ஆய்வு சொன்னது. நோயாளியின் பின்புலம் எனக்கு எதற்கு, எண்களைப் பார்த்து முடிவெடுப்பேன் என்று உங்கள் வகுப்பில் யாராவது சொன்னால் இந்தக் கடைசி எண்ணைக் காட்டுங்கள்.

இப்போது நேரம். பெக்மன், ஃபிராங்கல் என்ற இருவர் 1984-ல் எழுதிய கட்டுரை மருத்துவக் கல்வியில் அடிக்கடி மேற்கோள் காட்டப்படுவது. நோயாளி பேச ஆரம்பித்துச் சராசரியாக 18 நொடியில் மருத்துவர் குறுக்கிட்டார். வந்த காரணத்தை முழுதாகச் சொல்லி முடித்தவர்கள் நான்கில் ஒருவருக்கும் குறைவு. குறுக்கிடாமல் விட்டால் பேசிக்கொண்டே இருப்பார்கள் என்பதுதான் நம் எல்லோருடைய பயமும். சுவிட்சர்லாந்தின் பாசல் பல்கலைக்கழக மருத்துவமனையில் அதையே அளந்து பார்த்தார்கள். மருத்துவர்கள் வாயை மூடிக்கொண்டு கேட்டார்கள், நோயாளிக்குத் தெரியாமல் நேரம் குறிக்கப்பட்டது. 335 பேர். 2002-ல் வெளியான முடிவு: சராசரி 92 நொடி. ஐந்தில் கிட்டத்தட்ட நான்கு பேர் இரண்டு நிமிடத்துக்குள் தாங்களாகவே நிறுத்திவிட்டார்கள். உங்கள் ஓபி பாசல் ஓபி அல்ல என்பது புரிகிறது. ஆனாலும் ஐந்து நிமிடத்தில் முதல் ஒன்றரை நிமிடத்தை நோயாளியிடம் விட்டுவிட்டால் மிச்சமிருக்கும் மூன்றரை நிமிடத்தில் தேவையில்லாத கேள்விகள் நிறையக் குறையும். இது என் அனுபவம், அளந்து நிரூபித்ததில்லை. புதிதாக வருபவர், சிகிச்சை எதிர்பார்த்தபடி போகாதவர், கடுமையான நோய் என்று சொல்லப்போகிறவர், இந்த மூன்று பேரிடம் மட்டும் அந்த நேரத்தைச் செலவழித்தாலே போதும். சளிக்கு மாத்திரை கேட்டு வந்தவரிடம் போய் வாழ்க்கை வரலாறு கேட்காதீர்கள், அவருக்கும் வேலை இருக்கிறது.

எப்படிக் கேட்பது என்பதில்தான் உண்மையான திறமை இருக்கிறது. "இது எதனால வந்ததுன்னு நீங்க நினைக்கிறீங்க?" என்று கேட்டால் பத்தில் ஏழு பேர் "நீங்கதானே டாக்டர், நீங்க சொல்லுங்க" என்பார்கள். மாணவர்கள் அங்கேயே நின்றுவிடுவார்கள். அடுத்து "சரிங்கய்யா, வீட்டுல உங்க வீட்டம்மா என்ன சொல்றாங்க? பக்கத்துல யாராவது ஏதாவது சொன்னாங்களா?" என்று கேட்டுப் பாருங்கள். தன் எண்ணத்தையே மனைவி சொன்னதாகவும் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதாகவும் எடுத்துப் போட்டுவிடுவார். "ஏன் மாத்திரை போடலை?" என்பது விசாரணை மாதிரி இருக்கும். "போன வாரத்துல எத்தனை நாள் விட்டுப்போச்சு?" என்று கேட்டால் விட்டுப்போவது சகஜம்தான் என்பது கேள்விக்குள்ளேயே இருக்கிறது, பொய் சொல்ல வேண்டிய அவசியம் குறைகிறது. வேறு எங்கே காட்டினார்கள், வேறு என்ன மருந்து எடுக்கிறார்கள் என்பதையும் புருவம் உயராமல் கேட்க வேண்டும். புருவம் உயர்ந்தால் பதில் மாறிவிடும். எப்படிக் கூப்பிட வேண்டும் என்று நோயாளியிடமே கேட்டுவிடுவது பல சங்கடங்களை முதல் நொடியிலேயே தீர்க்கும். கேட்டுவிட்டுச் சும்மா இருக்க வேண்டும். அதுதான் எல்லாவற்றிலும் கஷ்டம்.

மொழி தெரியாத நோயாளி என்றால் கூட வந்த உறவினரையோ வார்டில் நின்றவரையோ மொழிபெயர்க்கச் சொல்கிறோம். கிளென் ஃபுளோரஸ் குழுவினர் 2003-ல் வெளியிட்ட ஆய்வில், குழந்தைகள் மருத்துவ உரையாடல்கள் 13-ஐப் பதிவு செய்து பார்த்தபோது ஒவ்வொன்றிலும் சராசரியாக 31 மொழிபெயர்ப்புப் பிழைகள். அவற்றில் 63 சதவீதம் சிகிச்சையைப் பாதிக்கக்கூடியவை. பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளர்களும் தவறு செய்தார்கள், ஆனால் பாதிக்கக்கூடிய தவறுகளின் பங்கு அவர்களிடம் குறைவு. மிகச் சிறிய ஆய்வுதான். ஆனால் அம்மாவின் மாதவிடாய் பற்றி மகனை மொழிபெயர்க்கச் சொன்ன எந்த மருத்துவருக்கும் அதன் முடிவு வியப்பாக இருக்காது.

கற்றுக்கொடுக்க முடியுமா என்பதற்கு வருகிறேன். கேட்கும் முறையைக் கற்றுக்கொடுக்க முடியும், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. இதய ஒலியைக் கேட்கப் பழகியது போலத்தான்: ஒருவர் செய்யும்போது இன்னொருவர் பக்கத்தில் நின்று பார்த்து, உடனே திருத்த வேண்டும். ஹோவர்ட் பேரோஸ் 1963-ல் நோயாளியாக நடிக்கப் பயிற்சி பெற்றவர்களை மாணவர்களுக்கு முன் உட்காரவைக்கத் தொடங்கினார். இன்று உலகம் முழுக்க அந்த முறை இருக்கிறது. நடிப்பவர் கடைசியில் "நீங்க கேட்டப்போ எனக்கு இப்படித் தோணுச்சு" என்று சொல்லும் அந்த இரண்டு நிமிடம் பத்து விரிவுரைக்குச் சமம் என்பது என் கருத்து. நியூசிலாந்தில் இரிஹபேட்டி ராம்ஸ்டன் என்ற மாவோரி நர்ஸ் இன்னும் ஒரு படி போனார். சட்டப்படி பாதுகாப்பு, மருத்துவப்படி பாதுகாப்பு என்றெல்லாம் பேசுகிறீர்களே, எங்கள் பண்பாட்டுக்கு என்ன பாதுகாப்பு என்று ஒரு மாணவி கேட்டதிலிருந்து வளர்த்தெடுத்த பண்பாட்டுப் பாதுகாப்பு என்ற கருத்து அவருடையது. 1992-ல் அந்நாட்டு நர்ஸிங் கவுன்சில் அதைப் பாடத்திட்டத்தில் சேர்த்தது. கவனிப்பு பாதுகாப்பாக இருந்ததா என்பதை முடிவு செய்பவர் அதைப் பெற்றவர்தான், கொடுத்தவர் அல்லர். மதிப்பெண் போடும் அதிகாரமே இடம் மாறுகிறது, அதனால்தான் அங்கேயே அதற்குப் பலத்த எதிர்ப்பும் வந்தது.

சந்தேகம் எங்கே என்றால், இந்த வகுப்புகளால் நோயாளியின் உடல்நலம் மேம்படுகிறதா என்பதில். ஒரு கேள்வி பற்றிய சோதனைகளையெல்லாம் திரட்டி எடைபோடும் காக்ரேன் மதிப்பாய்வு ஒன்று 2014-ல் வந்தது. அதில் சேர்த்துக்கொள்ளத் தகுதியாகக் கிடைத்தவை ஐந்தே ஐந்து சோதனைகள். அவற்றின் சான்றுத் தரமும் தாழ்வானது. பயிற்சி பெற்றவர்களின் மனப்பான்மையும் அறிவும் கூடியதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன, ஆனால் அவை பெரும்பாலும் அவர்களே தங்களுக்குப் போட்டுக்கொண்ட மதிப்பெண். மாணவர்களின் பரிவு மூன்றாம் ஆண்டில், அதாவது வார்டுக்குள் நுழையும் ஆண்டில், சரிவதாக அமெரிக்காவில் முகமதுரேசா ஹோஜத் குழுவினர் 2009-ல் காட்டியது மிகப் பிரபலம். அதுவும் மாணவர்கள் தாங்களே நிரப்பிய கேள்வித்தாள்தான். பரிவு குறைந்ததா, தன்னைப் பற்றிய மதிப்பீடு நேர்மையாக மாறியதா என்று வாதிட இடம் இருக்கிறது. நீங்களும் மூன்றாம் ஆண்டு என்பதால் சொன்னேன், பயமுறுத்த அல்ல.

வகுப்பு தோற்பதற்கு நான் நேரில் பார்க்கும் காரணம் வேறு. ஃபிரெடரிக் ஹாஃபர்டியும் ரொனால்ட் ஃபிராங்க்ஸும் 1994-ல் மறைமுகப் பாடத்திட்டம் என்று எழுதியதுதான் அது. காலையில் வகுப்பில் நோயாளியின் கதையைக் கேள் என்பார்கள். பத்து மணிக்கு ரவுண்ட்ஸில் "அந்த ஏழாம் நம்பர் பெட் லிவர் எப்படி இருக்கு?" என்று அதே ஆசிரியர் கேட்பார். மாணவர் எதைக் கற்றுக்கொள்வார் என்று சொல்லத் தேவையில்லை. இதைச் சரிசெய்வது உங்கள் கையில் இல்லை, எங்கள் கையில் இருக்கிறது. நாங்கள் சரியாகச் செய்வதும் இல்லை.

இன்னொரு சந்தேகத்தையும் உங்கள் கேள்விக்குக் கீழே ஒருவர் எழுப்பியிருந்தார்: அப்படியானால் நோயாளி சொல்வதையெல்லாம் ஒத்துக்கொள்ள வேண்டுமா என்று. வேண்டாம். கேட்பது வேறு, சம்மதிப்பது வேறு. கழுத்து விறைத்து, காய்ச்சலோடு நினைவு தப்பும் நிலையில் வந்தவருக்கு முதலில் ஆன்டிபயாடிக், கேள்வியெல்லாம் பிறகு. புற்றுநோய் என்பதை அவரிடம் சொல்லாதீர்கள் என்று குடும்பம் கேட்கும்போது, எங்கள் வழக்கம் அப்படி என்று பண்பாட்டைத்தான் காரணம் காட்டுவார்கள். குடும்பத்தின் பண்பாடு நோயாளியின் விருப்பமாகத்தான் இருக்க வேண்டும் என்று ஒன்றும் இல்லை. நான் நோயாளியிடமே போய், "உங்க உடம்பைப் பத்தின விவரத்தை உங்ககிட்டயே சொல்லட்டுமா, இல்ல வீட்டுல யார்கிட்டயாவது சொல்லட்டுமா?" என்று கேட்டுவிடுவேன். மகனிடம் சொல்லுங்கள் என்பவர்களும் உண்டு, முழுசா எனக்கே சொல்லுங்க என்பவர்களும் உண்டு. முகத்தைப் பார்த்து யார் எது சொல்வார்கள் என்று ஊகிக்கும் திறமை எனக்கு இன்றுவரை வரவில்லை, அதனால் கேட்கிறேன்.

கடைசியாக, வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், இதற்கு மதிப்பெண் உண்டா என்று கேட்டிருந்தீர்கள். தேர்வாளரைப் பொறுத்தது. கேஸ் ப்ரெசென்ட் பண்ணும்போது சோஷியல் ஹிஸ்டரியைப் புகை இல்லை, மது இல்லை என்பதோடு முடிக்காமல் ஒரு வரி சேருங்கள்: இந்த நோயைப் பற்றி இவர் என்ன நினைக்கிறார், எதற்குப் பயப்படுகிறார், சிகிச்சைக்கு வருவதில் என்ன தடை. "சரி சரி, மேல போ" என்று தேர்வாளர் சொன்னால் போய்விடுங்கள், அங்கே வாதாட வேண்டாம். மேனேஜ்மென்ட் பகுதி வரும்போது அதே வரியை மருந்தோடு சேர்த்துச் சொல்லுங்கள்: இவர் இரவு ஷிஃப்ட் பார்ப்பதால் இன்சுலின் நேரத்தை இப்படி மாற்றுகிறேன், ஊசி மேல் பயம் இருப்பதால் முதல் டோஸை வார்டிலேயே நர்ஸ் முன்னால் போட்டுப் பார்க்கச் சொல்கிறேன் என்று. அந்த இடத்தில் மேலே போ என்று சொன்ன தேர்வாளரை நான் பார்த்ததில்லை.